கல்வெட்டில் காணாமல் போனவர்

ஹீரோ பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று சொல்ல பழைய தமிழ் சினிமாவுக்கு ரெண்டு ஷாட் போதும். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். இன்னொன்று எல்.ஐ.சி. கட்டிடம். ஹீரோ பெயர், பாட்டு எழுதியவர் பெயரெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அந்தக் கட்டிடத்தை முடித்துக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் யார்? தலையைச் சொறியாதீர்கள். உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

எல்.எம்.சித்தாலே. வெள்ளைக்காரக் கம்பெனிகள் கோலோச்சிக்கொண்டிருந்த சென்னையில், 1932ல் சொந்த அலுவலகம் திறந்த மராட்டியப் பெயர்க்காரர். பிறகு மகன், அப்புறம் அடுத்த தலைமுறை என்று தொடர்ந்த நிறுவனம் அது.

எல்.ஐ.சி. கதையே தனி. எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக 1953ல் வேலையை ஆரம்பித்தார். பிளான் லண்டன்காரர்களான பிரவுன், மூலின் போட்டது. 1954ல் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956ல் இன்ஷூரன்ஸ் தேசியமயம். 1957ல் லண்டன்காரர்களும் விலகிக்கொண்டார்கள். ஆரம்பித்த முதலாளி இல்லை, பிளான் போட்டவர் இல்லை, பாதிக் கட்டிடம் மட்டும் மவுன்ட் ரோடில் நிற்கிறது. வீடு கட்டும்போது நடுவில் மேஸ்திரி மாறினால் என்ன பாடு என்று கட்டியவர்களைக் கேளுங்கள். இது 177 அடி! அதைத்தான் சித்தாலே வாங்கி முடித்தார். 1959ல் திறந்தார்கள்.

நம் ஊரில் ஒரு பஸ் நிழற்குடைக்குக்கூடத் திறப்புவிழாக் கல் உண்டு. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர் என்று இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்பார்கள். வரைந்தவன் பெயரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாவுக்கு இருந்த தாராளம் நம் பொதுப்பணித் துறைக்கு இல்லை.

வெறும் பெயர் ஆசை என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரி பழைய நிறுவனங்களின் அலமாரிகளில்தான் ஊரின் ஜாதகம் இருக்கிறது. எந்தத் தூண் எங்கே, எந்தச் சுவருக்குள் என்ன கம்பி என்பதெல்லாம் அந்த வரைபடங்களில். அது போனால் விரிசல் விட்ட கட்டிடத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது. 'பலவீனமாகிவிட்டது' என்று ஒரு கையெழுத்து போட்டு இடிப்பதுதான் சுலபம். அதே மவுன்ட் ரோடில், 1897ல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை 2006ல் இடிக்கத் தொடங்கியது யார் தெரியுமா? சாட்சாத் எல்.ஐ.சி.தான்! 2010ல் ஹைகோர்ட் தடுக்க வேண்டியிருந்தது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி அரசு கட்டும் ஒவ்வொரு கட்டிடத்திலும், அமைச்சர் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும், வரைந்தவர் பெயருக்கு ஒரு வரி. பழைய நிறுவனங்கள் சம்மதித்தால், அவர்களுடைய வரைபடங்களுக்குப் பிரதி எடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வைக்க ஒரு அறை. திறப்புவிழாப் பந்தல் செலவில் கால்வாசிகூட ஆகாது.