சிம் கார்டுகளின் ஜனத்தொகை

“இந்தக் காலத்தில் போன் இல்லாதவர் யார் இருக்கிறார்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும் மனிதர்கள் நம்மிடையே மிகவும் பெருகிவிட்டார்கள். சமீபத்தில் ஓர் அலுவலகத்தில், கணவர் காலமான பிறகு தமக்குச் சேரவேண்டிய உதவித்தொகைக்காக மனுவும் கையுமாக வந்திருந்த ஒரு மூதாட்டியை, அவர் பெயரில் கைப்பேசி எண் இல்லை, ஆகையால் ஓடிபி வர வழியில்லை என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பிய குமாஸ்தா இதே வாசகத்தைச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆட்சேபித்த என்னிடம், நாட்டில் 120 கோடி இணைப்புகள் இருப்பதாகப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே என்று அவர் அடித்துச் சொன்னார். அவர் கொடுமைக்காரர் அல்லர். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் ஓயாமல் ஓதிவரும் ஒரு பிரமையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர், அவ்வளவுதான். அதனாலேயே அந்தப் பிரமையின் மீது எனக்குக் கோபம் அதிகமாகிறது.

120 கோடி என்ற எண் பொய்யல்ல. 2025 மார்ச் இறுதி நிலவரமாக இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் வெளியிட்ட கணக்கு அது. கம்பெனிகள் தாம் கொடுத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் ஆணையத்துக்கு அனுப்புகின்றன. ஆணையம் அவற்றைக் கூட்டி, வட்டாரவாரியாகப் பிரித்து, ஜனத்தொகையால் வகுத்து, நூறு பேருக்கு இத்தனை தொலைபேசிகள் என்று பிரசுரிக்கிறது. அங்கே எண்ணப்படுபவை இணைப்புகளே தவிர மனிதர்கள் அல்லர். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டு வீட்டில் இத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று சாதிப்பவனை நாம் புத்திசாலி என்று சொல்லமாட்டோம். ஆனால் சிம் கார்டுகளை எண்ணிவிட்டுப் பிரஜைகள் அனைவரும் தொலைபேசி படைத்தவர்கள் என்று மேடையில் முழங்குபவருக்குக் கைதட்டுகிறோம்.

சந்தேகப்படுகிறவர்கள் டில்லியைப் பார்க்கட்டும். அதே டிராய் கணக்கில் டில்லி வட்டாரத்தில் நூறு பேருக்கு 250க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. அங்கே தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கும், யமுனைக்கரைக் குடிசையில் படுத்திருக்கும் கிழவருக்கும் ஆளுக்கு இரண்டரைக் கைப்பேசிகளா இருக்கின்றன? ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பது ஒரு காரணம். கம்பெனிகளும் கடைகளும் தம் பெயரில் வாங்கிக் குவிப்பது மற்றொன்று. மூன்றாவது காரணத்தை ஆணையமே அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறது: நொய்டா, காஜியாபாத், குர்கான், பரீதாபாத் ஆகிய ஊர்களின் இணைப்புகள் டில்லிக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன, ஆனால் வகுப்பதற்கு எடுத்துக்கொள்ளும் ஜனத்தொகையோ டில்லி ராஜ்யத்தினுடையது மட்டும். அந்த அடிக்குறிப்பைப் படித்தவர்கள், ‘நூறு பேருக்கு 85’ என்ற அகில இந்தியச் சராசரியைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு முன் சற்றுத் தயங்கியிருப்பார்கள். அந்தச் சராசரிக்குள் டில்லியின் 250ம் இருக்கிறது, 60ஐக்கூட எட்டாத பீகாரும் இருக்கிறது. நகரங்களில் 130ஐத் தாண்டுகிற எண்ணிக்கை கிராமங்களில் 60க்குக் கீழே நிற்கிறது. அந்த அறுபதிலும் ஒரே ஆளின் இரண்டாவது சிம், மூன்றாவது சிம் எல்லாம் அடக்கம் என்பதை நினைத்தால், கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது ஒருவாறு விளங்கும்.

உபயோகத்தில் உள்ள இணைப்புகள் எத்தனை என்பதையும் ஆணையம் தனியாகச் சொல்கிறது. அது மொத்தத்தைவிடக் கோடிக்கணக்கில் குறைவு. ஆனால் எந்தத் தலைப்புச் செய்தியிலும் அந்தச் சிறிய எண்ணை நான் கண்டதில்லை.

மனிதர்களையே எண்ணிய கணக்கும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், பெண்களிடம் தனியே உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டது என்ன? தினமும் இணையத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்றல்ல, வாழ்நாளில் ஒருமுறையாவது பயன்படுத்தியதுண்டா என்று! பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் 33.3 விழுக்காட்டினர்தான் ஆம் என்றார்கள். கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவர் என்ற அளவுகூட நிறையவில்லை. தாமே உபயோகிக்கும் கைப்பேசி உடைய பெண்கள் 54 விழுக்காடு. கல்வியில் முன்னேறியதாக நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டிலேயே, இணையத்தை ஒருமுறையாவது தொட்ட பெண்கள் பாதிக்கும் குறைவு. நாற்பத்தொன்பது வயதைக் கடந்த, அந்த அலுவலகத்து மூதாட்டியைப் போன்றவர்களை இந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எண் இன்னும் கீழே போயிருக்கும்.

அது பழைய கதை, 2025ன் தொடக்கத்தில் நடந்த மாதிரி ஆய்வில் 86.3 விழுக்காடு குடும்பங்களுக்கு வீட்டிலேயே இணைய வசதி இருப்பதாகத் தெரியவந்ததே என்பார்கள். குடும்பத்துக்கு இருக்கிறது, குடும்பத்தில் யாருக்கு? காலையில் கணவரின் சட்டைப்பையிலோ மகனின் கையிலோ வெளியே போய், இரவில் வீடு திரும்பும் ஒரே கைப்பேசி, பகல் முழுதும் வீட்டில் இருக்கும் தாய்க்கும் மாமியாருக்கும் எந்த விதத்தில் வசதி? வீடு என்பது ஓடிபி வாங்கிக்கொள்ளும் ஒரு பிராணி அல்லவே! டில்லியில் ஊர்களைக் கலந்து செய்த குழப்பத்தை இங்கே வீட்டுக்குள் மனிதர்களைக் கலந்து செய்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதை 2021ல் பார்த்தோம். மே மாதம் முதல் தேதி தொடங்கி, பதினெட்டு முதல் நாற்பத்துநாலு வயது வரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்துகொண்டால்தான் கொரோனாத் தடுப்பூசி என்று விதித்தார்கள். அந்த மாத இறுதியில் உச்சநீதிமன்றம், இதே டிராய் புள்ளிவிவரங்களையும் தேசிய மாதிரி ஆய்வின் 75வது சுற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, இணையமில்லாத ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்டது. கிராமக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 விழுக்காடு என்று 2017-18லேயே எழுதி வைத்தது அரசாங்கத்தின் சொந்த ஆய்வாகிய அந்தச் சுற்று. தன் அலமாரியில் இருந்த அந்தக் காகிதத்தைச் சர்க்கார் நீதிபதிகளின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது வெட்கக்கேடு.

கணக்கெடுப்பதில் நாம் இப்படி அலட்சியமாக இருந்த தேசம் அல்ல. புள்ளியியல் அறிஞர் மஹலநோபிஸின் மேதையால் 1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வை உலகமே பார்த்துக் கற்றது. அதே ஸ்தாபனம் எடுத்த 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் போதாது என்று சொல்லி வெளியிடாமலே முடக்கினார்கள். வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவராமல் தாமதமானதை ஒட்டி 2019 ஜனவரியில் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு அங்கத்தினர்கள் ராஜினாமா செய்தார்கள். 2021ல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. ஆகையால் டிராய் வகுக்கும் அந்த ஜனத்தொகைகூட 2011ஐ வைத்துச் செய்த அனுமானந்தான். வெளிவரும் கொஞ்சநஞ்சமும் ஆங்கில அட்டவணைகளாக, அடிக்குறிப்புகளோடு வருகிறது. தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது. பணம் ஜனங்களுடையது, பதில் சொன்னவர்களும் ஜனங்கள். விடையை மட்டும் அவர்கள் பாஷையில் சொல்லக்கூடாதா?

கம்பெனி கொடுத்த சிம் கணக்கை வியாபாரக் கணக்காக வெளியிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; கம்பெனிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் அது தேவைதான். ஆனால் அதை வைத்து ரேஷனையும் பென்ஷனையும் மருந்தையும் பூட்டுவதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. ஆண், பெண், முதியவர், கிராமத்தார் என்று ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகக் கேட்டு, அந்த விடையை மாவட்டவாரியாகத் தமிழிலும் பிற தேசபாஷைகளிலும் பிரசுரிக்கட்டும். அதுவரையில் கைப்பேசி எண் இல்லை என்பதற்காக எந்த மனுவையும் எந்த ஜன்னலும் நிராகரிக்கக் கூடாது. காகிதத்தில் எழுதிய மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போடட்டும்.