முதலில் தெரியவேண்டியது நர்சம்மாவுக்கு

நாள் தள்ளிப்போனதும் செய்து பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுந்தால், எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் இதன் செறிவு கூடுதலாக இருப்பதால் அந்த நேரமே பரிசோதனைக்கு ஏற்றது. கோடு மங்கலாகத் தெரிந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பார்க்கலாம்.

அடுத்து கைவசம் இருக்கவேண்டியது ஒரு தேதி: கடைசி மாதவிடாயின் முதல் நாள். அதிலிருந்து ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி உத்தேசமாகக் கிடைக்கும். மருத்துவர்களின் கணக்குப்படி, நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் முடிந்திருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஆறாவது வாரவாக்கில் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாமல் போகும் ஆபத்தைக் குறைப்பது ஃபோலிக் அமிலம். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும், மாத்திரையின் விலையும் அதிகமில்லை. கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குவது உத்தமம். தொடங்காதவர்கள் தெரிந்த அன்றே தொடங்கவேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வழக்கமாக நான்காம் மாதத்திலிருந்துதான்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கம் உண்டு. கரு தங்குமோ தங்காதோ என்ற பயத்தில் வந்த வழக்கம் அது. அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமல் இருப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டால், கவனிக்கவேண்டிய காலமே கைநழுவிப் போகிறது. 12 வாரத்துக்குள் அவரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான ‘பிக்மி’ எண்ணைப் பெறவேண்டும். இணையதளத்தில் தாமாகவும் பதியலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் தேவை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்மார்கள் பெறும் 18,000 ரூபாய் உதவிக்கும் இந்த முன்பதிவே அடிப்படை. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் பதிவதுதான் முறை.

முதல் சந்திப்பிலேயே எடையும் ரத்த அழுத்தமும் குறித்துக்கொள்வார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ரத்த வகை, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை அளவு 140-ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வரவேண்டிய கட்டாயம் இதில் இல்லை. விடியற்காலையில் பஸ் பிடித்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்! இந்த எளிய முறைக்காக நெடுங்காலம் உழைத்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. முதல் தடவை அளவு சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கவேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் கருவைப் பாதிக்கும். அதற்காக வலிப்பு, தைராய்டு மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. வீட்டில் பப்பாளியைப் பற்றிக் காட்டும் அக்கறையை மாத்திரைகளிலும் காட்டவேண்டும். மதுவும் புகையும் அறவே கூடாது. கணவர் பக்கத்தில் நின்று புகைப்பதும் இதில் அடக்கம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுக்கும் ஸ்கேன், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்று காட்டும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மசக்கையில் வாந்தி வருவது இயல்பே. தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால் மருத்துவமனையில் சேர்க்கவேண்டியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, ரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவை கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் 108-ஐ அழையுங்கள்.