கண் சிமிட்டினால்தான் ஆளா?

வங்கிக் கணக்குத் தொடங்க, முகத்தைக் கேமராவில் காட்டினால் திரை அதட்டுகிறது: கண்ணைச் சிமிட்டு. சிமிட்டினால்தான் உயிருள்ள ஆளென்று யந்திரம் ஒத்துக்கொள்ளும். பார்வையற்றவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சில் இமை கருகிப்போன பெண் எதைச் சிமிட்டுவார்? இவர்கள் போட்ட வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30இல் உச்சநீதிமன்றம், இணையச் சேவைகளை எட்டுவதும் 21ஆம் பிரிவின் வாழும் உரிமையே என்றது. 20 உத்தரவுகளும் போட்டது.

உத்தரவு போட்டா கதவு திறந்துடுமா? பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லி பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது 1923இல். 1927இல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளும்வரை மகாடு குளம் காகிதத்தில்தான் திறந்திருந்தது.

இதில் மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றுமில்லை. திரைவாசிப்பான் எழுத்தை வாசிக்கும், படத்தில் தடுமாறும். என்.வி.டி.ஏ. என்ற இலவச திரைவாசிப்பானை 2006இல் தொடங்கியவரே பார்வையற்றவர்தான். ஆனால் இங்கே அரசாணையைக் கணினியில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணிப் படமா ஏத்துறாங்க. பேசிக்கொண்டிருந்த எழுத்தை மெனக்கெட்டு வாயடைக்கிற வேலை. பணம் அனுப்பும் பக்கத்தில் பட்டனுக்குப் பேர் வைக்காமல் விட்டால் காதில் விழுவது 'பட்டன், பட்டன்' மட்டும்தான். எதை அமுக்குவது? பக்கத்து ஆளிடம் ரகசிய எண்ணைச் சொல்லியாகணும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போர்டு மாட்டியிருக்கிற கவுண்டரில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம்ம தலித் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் பலவும் வலையில் படமாகத்தான் கிடக்கின்றன. சேரியிலிருந்து கல்லூரிக்குப் போகிற பார்வையற்ற மாணவிக்கு அவற்றை வாசித்துக்காட்ட யாராவது மனசு வைக்கணுமாம். தட்டச்சுத் தெரிந்த தோழர்கள் வாங்க. ஆளுக்கொரு இதழ் எடுத்து யூனிகோடில் அடிப்போம்.