கடினத்தின் கவர்ச்சி

இளைஞர் ஒருவர் ஒரே எதிரியிடம் ஐம்பது தடவை வெட்டுண்டு மடிந்தபின், ஐம்பத்தோராவது தடவையும் வாளேந்தி நிற்கின்றார். களம் கணினித் திரை. 2019 மார்ச்சில் ஜப்பானின் ஃப்ரொம் சொஃப்ற்வெயர் நிறுவனம், ஹிடெதாக்கா மியாசாக்கியின் நெறியாள்கையில் வெளியிட்ட 'செகிரோ' என்னும் விளையாட்டையே குறிப்பிடுகின்றோம். சாமுராய்களுடன் வாட்போர் புரியும் இவ்விளையாட்டின் கடுமை உலகறிந்தது. அவ்வாறிருந்தும், 2023ஆம் ஆண்டளவில் அதன் ஒரு கோடிப் பிரதிகள் விற்பனையாகியிருந்தன. இக்கவர்ச்சியின் ஊற்று யாது?

'இரத்தவெறி' என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவர் ஒழுக்கவாதிகள். வெட்டுவதே இன்பமெனின், இலகுவாக வெட்டித் தள்ளக்கூடிய விளையாட்டுக்கள் எத்தனையோ உள. அவற்றை விடுத்துத் தாமே வெட்டுண்ணும் விளையாட்டை ஏன் நாடுகின்றனர்? இவ்வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை.

'நிலமானியப் பெருமைமீதுள்ள மோகம்' என்பர் வேறு சிலர். அவர்கள் கதையை அறியாதவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், உள்நாட்டுப் போர்களால் நலிந்த ஜப்பானில், அஷினா என்ற கற்பனை நாட்டிலே கதை நிகழ்கின்றது. தந்தையின் ஆணை மீறவொண்ணாதது என்பது நாயகனுக்குப் புகட்டப்பட்ட முதல் விதி. வளர்ப்புத் தந்தையின் ஆணைக்கு அவன் பணிந்தாலோ, கொலைவெறி பிடித்த அரக்கனாகிக் கதை அங்கேயே முடிகின்றது. மறுத்தால் மட்டுமே மனிதனாக மேலே செல்லலாம். அவன் மீண்டும் மீண்டும் மாண்டெழ, அவனைச் சுற்றியுள்ள சாமானியர் இருமல் நோயாற் பீடிக்கப்படுகின்றனர். வீரன் ஒருவனின் சாவாமைக்கு எளியோர் விலை கொடுக்கின்றனர்! இது நிலமானியத்தின் புகழ்ப்பாட்டா, அதன்மேற் சாட்டப்பட்ட குற்றப்பத்திரமா?

கவர்ச்சியின் ஊற்று போர்முறையிலேயே இருக்கின்றது. எதிரியின் வாள் மோதுங் கணத்தில் நம் வாளால் அதைத் தட்டிவிடவேண்டும். கணம் பிந்தினாற் காயம். சரியாகத் தட்டுந்தோறும் எதிரியின் நிலை தளரும். நாம் அஞ்சிப் பின்வாங்கினால் அவன் மீண்டும் நிலைகொள்வான். நிலை முற்றாகக் குலையும்போதே இறுதி வெட்டு. அதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' விளையாட்டிலே, கவசங்களைத் தேடிச் சேர்த்தும் வலிமையைப் பெருக்கியும் திறமைக் குறைவை ஓரளவு ஈடுசெய்யலாம். செகிரோவிலோ பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே வாள்தான். மெய்யான பணங்கொடுத்து வலிமை வாங்கும் வழியும் இல்லை. மாண்டால் விளையாட்டுக் காசிற் பாதி பெரும்பாலும் பறிபோகும். ஆயின் கை கற்றது பறிபோவதில்லை.

இங்கே உழைப்புக்கும் பயனுக்குமிடையே தரகர் எவரும் இல்லை. தோல்விக்குக் காரணம் கண்முன் தெரிகின்றது. அதைத் திருத்த அடுத்த கணமே வாய்ப்புக் கிட்டுகின்றது. நாள் முழுதும் உழைத்தும் அதன் பயன் எவர் கைக்குப் போகின்றதென அறியாத இளைஞனுக்கு, இது சிறிய நீதிமன்றமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அவன் தேடுவது நீதி. அந்த நீதியும் விலைகொடுத்து வாங்கும் பண்டமாகவே அவனுக்குக் கிடைக்கின்றது என்பதே நம் காலத்தின் அவலம்.

ஆயினும் இவ்விளையாட்டின் அடியார்களோடும் நமக்கு வழக்குண்டு. 2019இல், கடுமையைக் குறைக்கும் வசதி வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது, 'இயலாதோர் விலகுக' என்றனர் அவர்களுட் சிலர். உடற்குறையுடையோரும் அவ்வசதியைக் கோரியிருந்தனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சமமற்ற கைகள்மீது ஒரே விதியைச் சுமத்துவது சமத்துவமாகாது. பத்து மணிநேரம் வேலைசெய்து களைத்தவனும் ஓய்விலே திளைப்பவனும் பயிற்சிக்கு ஒரேயளவு நேரமுடையவர்களல்லர். வசதி செய்தால் விளையாட்டின் உயிரே போய்விடும் என்பதும் வெற்றுவாதம். 2018இல் வெளியான 'செலெஸ்ற்' கடினத்துக்குப் பேர்பெற்ற விளையாட்டு. வேண்டுவோர் அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; வேண்டாதோருக்கு அதன் கடுமை அணுவளவும் குன்றவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிற் பாடமொன்றுண்டு. இன்றைய மாணவர் கடினத்தைக் கண்டு ஓடுகின்றனர் என்று ஓயாது குறைகூறுகின்றோம். அது பொய். காரணம் புலப்படாத தோல்வியையும், மறுவாய்ப்பற்ற தீர்ப்பையும், அதனோடு சேர்ந்து வரும் அவமானத்தையுமே அவர்கள் வெறுக்கின்றனர். சிவப்பு மையால் எண்ணொன்றை மட்டும் எழுதி விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாம், தவறு எங்கே நேர்ந்தது என்பதை எத்தனை தடவை காட்டியிருக்கின்றோம்? மீண்டும் முயல எத்தனை தடவை இடமளித்திருக்கின்றோம்? திரையிலே ஐம்பது தடவை மடிந்தும் எழுபவன் நம் வகுப்பறையில் ஒரே தடவையில் வீழ்ந்து கிடப்பானாயின், குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் அம்மாணவரல்லர், நாமே.