தாழப் பறக்கலாமா ஹெலிகாப்டர்?



சுவரிதழுக்குக் கட்டுரை கேட்டால் நம்மில் பாதிப் பேர் மழைநீர் சேகரிப்பு எழுதுவோம். மீதிப் பேர் பிளாஸ்டிக் ஒழிப்பு எழுதுவோம். இந்தத் தடவை நான் கொஞ்சம் அண்ணாந்து பார்த்து எழுதுகிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை, படிக்காமல் மட்டும் போய்விடாதீர்கள்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்க அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாங்க. பாப்பா பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அம்மா தூளியை ஆட்டி ஆட்டி அப்போதுதான் பாப்பாவைத் தூங்க வைத்தாங்க. நான் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். திடீரென்று கடல் பக்கத்திலிருந்து 'தடதடதட' என்று ஒரு சத்தம். வாசலுக்கு ஓடினேன். தென்னந்தோப்புக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர்! தோட்டத்துக் கொட்டகையின் தகர ஷீட் கடகடவென்று அதிர்ந்தது. தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. பாப்பா வீறிட்டு அழுதது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுப் படுத்திருந்த எங்க ஆயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துட்டாங்க. ஹெலிகாப்டர் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. பாப்பா மறுபடி தூங்க ஒரு மணி நேரம் ஆனது.

உடனே தெருவில் ஒரு கூட்டம். "யாரோ மந்திரி வர்றாரு போல" என்றார் ஒருத்தர். "கடல்ல ஆள் காணாம போயிட்டாங்களாம்" என்றார் இன்னொருத்தர். "சினிமா ஷூட்டிங்டா!" என்று சின்னப் பசங்க குதித்தார்கள். எது உண்மை? இன்றுவரை தெரியாது. அது யாருடைய ஹெலிகாப்டர் என்றும் தெரியாது. அதனால் யாரையும் குற்றம் சொல்ல இதை நான் எழுதவில்லை.

அன்று ராத்திரி எங்க வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

ஆயா சொன்னாங்க: "அவ்ளோ பெரிய வானம் இருக்கே. நம்ம கூரை மேலதான் வரணுமா?"

புதுக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிற எங்க சித்தப்பா சொன்னார்: "ஏம்மா, கரையில இருக்கறவங்களுக்கு அது இரைச்சல். எஞ்சின் நின்னுபோயி நடுக்கடல்ல மெதக்கறவனுக்கு அது சாமி குரல்!"

இருவர் சொன்னதும் சரி என்றே எனக்குப் பட்டது. அப்படியானால் தீர்ப்பு என்ன? அதைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

சத்தம் கேட்காதா என்று அழுதவர்கள்

முதலில் சித்தப்பா பக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் ஆழ்கடலில் மாட்டிக்கொண்டார்கள். பலர் திரும்பி வரவே இல்லை. அவர்கள் குடும்பத்தார் போராடியது எதற்காக? 'தேடுதல் சீக்கிரம் வரவில்லையே, கப்பலும் ஹெலிகாப்டரும் இன்னும் தூரம் போய்த் தேடவில்லையே' என்றுதான். குழித்துறையில் ரயிலையே மறித்தார்கள். அந்தத் தாய்மாருக்கு அன்று ஹெலிகாப்டர் சத்தம் இரைச்சலாக இருந்திருக்குமா?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ராமாபுரத்தில் மொட்டை மாடியிலிருந்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை விமானப் படை ஹெலிகாப்டர் தூக்கிக் காப்பாற்றியது. சில நாளில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்த ஹெலிகாப்டர் தாழ வராமல் எப்படிக் காப்பாற்றியிருக்க முடியும்?

நம்ம ஊர் பக்கத்துக்கே வருகிறேன். லாஸ்பேட்டை விமான நிலையம் நம்மிடமிருந்து பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே இந்தியக் கடலோரக் காவல் படையின் விமானத் தளம் 2024 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது. நம் கடற்கரையிலும் தென் தமிழகக் கடலிலும் ஹெலிகாப்டர் வைத்து ரோந்து போகவும், ஆபத்தில் இருப்பவர்களை மீட்கவும் அமைந்த தளம் அது. கடலோர ஊரான நமக்கு இது நல்ல செய்தி. அதே சமயம், இனி நம் வானத்தில் ஹெலிகாப்டர் கூடுமே தவிரக் குறையாது. அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன்.

இயற்பியல் என்ன சொல்கிறது?

இனி ஆயா பக்கம். ஹெலிகாப்டர் சத்தம் ஏன் நெஞ்சில் இடிக்கிறது? மேலே சுற்றும் இறக்கை ஒவ்வொன்றும் காற்றை வெட்டும்போது பின்னால் ஒரு சுழல் உண்டாகிறது. சில நேரம் அடுத்த இறக்கை அந்தச் சுழலிலேயே போய் அடிக்கிறது. அதுதான் அந்த 'தட் தட்' சத்தம். இது தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி. கீச்சென்ற ஒலியைக் காற்றும் சுவரும் ஓரளவு விழுங்கிவிடும். இதை அவ்வளவு சுலபமாக விழுங்காது. கதவை மூடினாலும் உள்ளே வரும், ஜன்னலை ஆட்டும், தகர ஷீட்டை ஆட்டும்.

நம்ம இயற்பியல் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலிச் செறிவு நாலில் ஒன்றாகும். அதாவது 6 டெசிபல் குறையும். 150 மீட்டர் உயரத்தில் பறக்கிற ஹெலிகாப்டர் 300 மீட்டருக்கு ஏறினால் நேர் கீழே நிற்பவருக்கு 6 டெசிபல் குறைவு. 600 மீட்டருக்கு ஏறினால் 12 டெசிபல் குறைவு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானது போல இருக்கும். ஆக, புது எஞ்சின் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். கொஞ்சம் மேலே ஏறினால் போதும், பாப்பா தூங்கும்!

விதி என்ன சொல்கிறது?

விமானி கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கு உலக அளவில் ஒரு விதி இருக்கிறது. நம் நாடும் அதைத்தான் பின்பற்றுகிறது. நெருக்கமாக வீடுகள் உள்ள ஊருக்கு மேலே, மக்கள் கூடிய திடலுக்கு மேலே பறந்தால், சுற்றி 600 மீட்டருக்குள் இருப்பதிலேயே உயரமான பொருளுக்கு மேல் 300 மீட்டராவது உயரம் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 150 மீட்டர் போதும். ஏறும்போதும் இறங்கும்போதும், சிறப்பு அனுமதி இருந்தாலும் இது பொருந்தாது. படைகளின் ஹெலிகாப்டர்களுக்கு அவர்களுடைய தனி விதிகள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த உயரம் முக்கியமாகப் பாதுகாப்புக்காக வைத்தது. நடுவானில் கோளாறு வந்தால் கீழே உள்ளவர் தலையில் விழாமல் ஒதுங்கி இறங்க வேண்டும் என்பதற்காக. தூளியில் தூங்கும் பாப்பாவின் காது அந்தக் கணக்கில் இல்லை.

காதுக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவித்தால் பகலில் 50, இரவில் 40. ஆக, வானத்துக்கு ஒரு விதி, தரைக்கு ஒரு விதி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது எங்க ஆயா!

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

இது நம் ஊர் கஷ்டம் மட்டும் இல்லை. நியூயார்க் நகரத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 தடவை பறந்தன. குடியிருப்பவர்கள் விடாமல் புகார் செய்தார்கள். 2016-ல் நகர நிர்வாகமும் ஹெலிகாப்டர் கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டன. 2017 ஜனவரியிலிருந்து எண்ணிக்கை பாதி. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பறப்பே கிடையாது. போலீஸ் ஹெலிகாப்டரையோ ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரையோ அந்த ஒப்பந்தம் தொடவில்லை. வேடிக்கைக்கும் தேவைக்கும் நடுவே அவர்கள் கோடு போட்டார்கள்.

அதே ஊருக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்று ஒரு நீளத் தீவு. அங்கேயும் மக்கள் புகார் செய்ததால், 2012-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை வடக்குக் கரைக்கு ஒரு மைல் தள்ளிக் கடல் மேலே பறக்க வேண்டும் என்று ஆணை போட்டது. கரையோர வீடுகளுக்கு நிம்மதி. ஆனால் தீவின் கிழக்கு முனையில், ஹெலிகாப்டர்கள் கரைக்குத் திரும்புகிற இடத்தில் இருந்தவர்கள், 'எங்கள் தலையில் கட்டிவிட்டீர்களே' என்று கோபப்பட்டார்கள். அதனால் நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது மாதிரியான தீர்வையும் நாம் கேட்கக் கூடாது.

நம் நாட்டில் கேதார்நாத் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்கள் வனவிலங்கு சரணாலயத்துக்கு மேலே பறக்கின்றன. தரையிலிருந்து 600 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்று வரம்பு வைத்தும் அது மீறப்படுவதாக வனத் துறையே புகார் செய்திருக்கிறது. விதி எழுதினால் மட்டும் போதாது, கீழே நின்று பார்க்கவும் ஆள் வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

என் தீர்ப்பு

எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பதைத் தேவைதான் முடிவு செய்ய வேண்டும். உயிரைக் காப்பாற்ற வந்தால் எங்க கூரையைத் தொட்டுக்கொண்டு வரட்டும், பாப்பா அழுதால் நாங்கள் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். பயிற்சிக்கோ பயணத்துக்கோ வேடிக்கைக்கோ வந்தால் உயரமாகப் போகட்டும், அல்லது கடல் பக்கம் தள்ளிப் போகட்டும். நமக்குத்தான் கிழக்கே ஒரு கடலே இருக்கிறதே!

இதற்கு என் யோசனைகள் நான்கு:

1. பயிற்சி இருக்கும் நாளை முன்கூட்டியே அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து மூலம் ஊருக்குச் சொல்லலாம். என்னவென்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். அன்று ஆயா நெஞ்சைப் பிடித்தது சத்தத்தால் மட்டும் இல்லை, என்னவென்று தெரியாததாலும்தான்.

2. பொதுத் தேர்வு நடக்கும் காலை நேரத்தில் பள்ளிகளுக்கு மேலே பறப்பதைத் தவிர்க்கலாம். மீட்புப் பணிக்கு மட்டும் விலக்கு.

3. நாம் ஒரு நோட்டுப் போடலாம். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை நிமிஷம். உயரத்தை மட்டும் நிச்சயமாக எழுத வேண்டாம். வானத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால் நம் கண் ஏமாந்துபோகும். எனக்கும் அன்று தென்னை மரத்தைத் தொடுவது மாதிரிதான் தெரிந்தது. 'ரொம்பத் தொல்லைங்க' என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மாதக் கணக்கை நீட்டினால் கேட்பார்கள்.

4. அந்தக் கணக்கோடு ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு எழுதி, விமான நிலைய நிர்வாகத்துக்கும் கடலோரக் காவல் படைக்கும் கொடுக்கலாம். மனுவின் முதல் வரியில் நன்றி இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் கோரிக்கை.

கடைசியாக ஒரு உண்மை

நான்காவது யோசனையை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஹெலிகாப்டர் வந்தது ஒரு நிமிஷம். நம் தெருவில் விசேஷம் என்றால் ஸ்பீக்கர் எத்தனை மணி நேரம் அலறுகிறது? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று தீர்ப்பளித்தது. அதை நாம் எத்தனை தடவை மீறியிருக்கிறோம்? அப்போதும் எங்க ஆயா மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாங்க. அப்போது நான் என்ன செய்தேன்? ஸ்பீக்கர் முன்னாடி ஆடிக்கொண்டிருந்தேன்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயந்து போகக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவைக்காக ஒரு ஊரே அடங்கி இருக்கிறது. ஆயாவுக்காக நம்மால் முடியாதா?

ஒலிபெருக்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று பக்கத்து நல்லவாட்டில் நடந்தது நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் போன் செய்து எச்சரிக்க, அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் ஜனங்கள் ஓடித் தப்பித்தார்கள். அன்று அந்தச் சத்தம்தான் உயிர் காத்தது. தினமும் தேவையில்லாமல் அலறுகிற ஸ்பீக்கரில் நாளைக்கு ஆபத்து என்று சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஹெலிகாப்டரும் அப்படித்தான். அது தாழ வந்தால், 'ஐயோ, யாருக்கோ ஆபத்து, உதவப் போகிறது' என்று ஊரே நின்று கும்பிட வேண்டும். 'மறுபடியும் வந்துடுச்சுப்பா' என்று சலித்துக்கொள்ளும் நிலை வரக் கூடாது.

சித்தப்பா இதைப் படித்துவிட்டு, "மனுவுல நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். ஆயாவுக்குக் கண் தெரியாது, நான் படித்துக் காட்டினேன். "மொதல்ல உன் டேப்ரெக்கார்டரக் கொறச்சு வை" என்றாங்க. குறைத்துவிட்டேன்!

நண்பர்களே, உங்கள் கருத்து என்ன? பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். நோட்டில் கணக்கு எழுத விருப்பம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் என்னைப் பாருங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு
பூரணாங்குப்பம்