பகல் நேரத்தில் தாத்தாவை யார் பார்ப்பது? சேர்வராயன் மலைக்கு ஒரு முதியோர் பகல் இல்லம் வேண்டும்

காலை 7 மணி. பனி இன்னும் விலகவில்லை. காப்பித் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் கூட்டமாகக் கிளம்பி விட்டார்கள்.

ஒருத்தி மட்டும் வாசலில் நின்று தயங்குகிறாள். உள்ளே அவளுடைய மாமனார் படுத்திருக்கிறார். வயது 80. ஒரு பக்கம் கையும் காலும் விளங்கவில்லை. கஞ்சி கொடுத்தாகி விட்டது. தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீரும் வைத்தாகி விட்டது.

இனி அவள் வேலைக்குப் போக வேண்டும். போனால், பெரியவர் மாலை வரை தனியாகக் கிடப்பார். போகாவிட்டால், அன்றைய கூலி கிடையாது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

கதவைச் சாத்திவிட்டு அவள் போகிறாள். அது அவள் குற்றமா? இல்லை. பகல் நேரத்தில் பெரியவரை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம் இல்லை. அதுதான் குற்றம்!

மலையில் முதுமை

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போக வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். படகில் போகிறார்கள். குளிரை அனுபவித்துவிட்டு இறங்கி விடுகிறார்கள்.

ஏரிக்கு அப்பால் ஒரு தனி உலகம் இருக்கிறது. நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை என்று மலை முழுவதும் கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் "மலையாளி" என்ற பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்லர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. பேசுவது தமிழ்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்று மலைமக்களின் பிழைப்பில் பெரும்பங்கு காப்பியையும் மிளகையும் நம்பி இருக்கிறது. குளிர் காலத்தில் காப்பிப் பழம் பறிப்பு. அதை ஒட்டி மிளகு பறிப்பு. அந்த மாதங்களில் வீட்டில் உள்ள அத்தனை கைகளுக்கும் வேலை உண்டு.

முதியோருக்கு மிகவும் கஷ்டமான காலமும் அதே குளிர் காலம்தான். மூட்டு வலிக்கும். மூச்சு முட்டும். ஈரத்தரை வழுக்கும். வீட்டுக்கு வெளியே உள்ள கழிப்பிடத்துக்கு இருட்டில் போகும்போது கால் இடறும். வயதானவர் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதன்பின் எழுந்து நடப்பது எளிதல்ல. ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய ஆபரேஷன் என்றால் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும்.

வீட்டுக்கு நாலு பிள்ளைகள் இருந்த காலம் போய்விட்டது. படித்த பிள்ளைகள் மலையை விட்டு இறங்குகிறார்கள். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது 18 பேராக உயரும் என்று மத்திய அரசின் நிபுணர் குழு கணக்கிட்டு இருக்கிறது. தாத்தா, பாட்டிகள் கூடுகிறார்கள். தாங்கிப் பிடிக்கும் தோள்கள் குறைகின்றன.

பகல் இல்லம் என்றால் என்ன?

முதியோர் இல்லம் வேறு. முதியோர் பகல் இல்லம் வேறு.

முதியோர் இல்லத்தில் சேர்ந்தவருக்கு அதுவே வீடு. பகல் இல்லத்துக்குக் காலையில் வந்து, மாலையில் திரும்பி விடலாம். இரவில் தன் வீட்டில், தன் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே படுத்துக் கொள்ளலாம்.

அங்கே சூடான சாப்பாடு கிடைக்கும். வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முடங்கிய கை, கால்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சுத் துணை இருக்கும். கதவைப் பார்த்தபடி நாள் முழுவதும் படுத்துக் கிடப்பவருக்குப் பேச்சே பாதி மருந்து.

இங்கிலாந்தில் லயனல் கோசின் என்று ஒரு டாக்டர் இருந்தார். "இனி எழவே மாட்டார்கள்" என்று கைவிடப்பட்ட முதியோர் பலரைப் பயிற்சி கொடுத்து நடக்க வைத்தவர். நடந்தவர்கள் வீட்டுக்குப் போய் மறுபடியும் முடங்கிவிடக் கூடாதே என்று அவர் யோசித்தார். பகலில் மட்டும் வந்து போகும் ஆஸ்பத்திரி ஒன்றை ஆக்ஸ்போர்டு நகரில் ஏற்படுத்தினார். அதற்கென்றே தனிக் கட்டிடம் 1958-ல் எழுந்தது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சீனர்கள் வாழும் பகுதி ஒன்று உண்டு. "பெற்றோரைக் கண்காணாத இடத்தில் விடமாட்டோம்" என்றன அங்குள்ள குடும்பங்கள். ஆனால் வேலைக்குப் போகாமலும் முடியாது. அவர்களுக்காக 1973-ல் "ஆன் லாக்" என்ற நிறுவனம் ஒரு பகல் இல்லத்தைத் திறந்தது. டாக்டர், நர்சு, சாப்பாடு, வண்டி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதே முறையைப் பின்பற்றின.

நம் மலைமக்களின் மனமும் அதே மனம்தான். பெற்றோரை விட மனமில்லை. வேலையை விட வழியில்லை.

அடிவாரம் வரை வந்த திட்டம்

தமிழ்நாடு அரசும் இந்தத் தேவையை உணர்ந்து இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் "அன்புச் சோலை" என்ற திட்டத்தை அறிவித்தது. முதியோர் பகலில் தங்கும் 25 மையங்கள். செலவு 10 கோடி ரூபாய். அந்த அறிவிப்பிலேயே சேலம் மாநகராட்சியின் பெயர் இருந்தது. 2025 நவம்பரில் மையங்கள் திறக்கப்பட்டன.

நல்ல காரியம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மலையில் இருக்கும் முடியாத கிழவர், தினமும் 20 வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குப் போய்த் திரும்ப முடியுமா? அடிவாரம் வரை வந்துவிட்ட நல்ல காரியம் மலையும் ஏற வேண்டாமா?

மலைமக்களுக்கு இது புதிய எண்ணமும் அல்ல. தோட்டத் தொழிலாளருக்காக 1951-ல் ஒரு சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. தாய் நிம்மதியாக வேலை பார்க்க வேண்டுமானால், பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும். அந்த நியாயம் பெரியவர்களுக்கும் பொருந்தும் அல்லவா?

10 கோடியில் 25 மையங்கள் என்றால், மையம் ஒன்றுக்குச் சராசரி 40 லட்சம் ரூபாய். அரசால் முடியாத தொகை அல்ல. ஏற்காட்டில் ஒரு மையம் வைக்கலாம். தூரத்துக் கிராமங்களில், இருக்கிற சமுதாயக் கூடத்திலேயே வாரம் 2 நாள் நடத்தலாம். ஒரு நர்சு, ஒரு பயிற்சியாளர், சமையலுக்கு உள்ளூர்ப் பெண்கள். இவ்வளவு இருந்தால் ஆரம்பித்து விடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வண்டி! முதியோரை வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கும் வண்டி இல்லாவிட்டால், மலையில் எவ்வளவு நல்ல மையமும் காலியாகத்தான் கிடக்கும்.

பார்ப்பவரை யார் பார்ப்பது?

முதியோருக்காகச் சட்டமும் திட்டமும் வந்திருக்கின்றன. ஏழை முதியோருக்கு மாதம் 20 ரூபாய் பென்ஷன் 1962-ல் தொடங்கியது. 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும் சட்டம் 2007-ல் வந்தது. வீடு தேடி வந்து மருந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல் தொடங்கியது.

ஆனால் கைவிடாத பிள்ளைக்கு என்ன உதவி?

மூத்த மகன் வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிறார். மகள் போனில் விசாரிக்கிறாள். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது, எல்லாம் ஒருத்தி தலையில்தான். பெரும்பாலும் மருமகள், அல்லது வயதான மனைவி.

அவளுக்கு முதுகு வலிக்கும். தூக்கம் கெடும். காரணம் இல்லாமல் அழுகை வரும். சில நாள் கோபமும் வரும். பிறகு, "பெரியவரைத் திட்டி விட்டோமே" என்று மனசு குத்தும். அவள் கெட்டவள் அல்ல. களைத்துப் போனவள். அவளும் படுத்துவிட்டால், அந்த வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர்!

பகல் இல்லம் அவளுக்கும் மருந்து. வேலைக்குப் போகும் நாளில் கூலி கிடைக்கும். வேலை இல்லாத நாளில் ஓய்வு கிடைக்கும். நோயாளியை எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது என்பதை அங்கேயே கற்றுக் கொள்ளலாம்.

இப்போதே செய்யக் கூடியவை

மையம் வரும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. வீட்டில் சிலவற்றைச் செய்யலாம்.

படுக்கையில் கிடப்பவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராமல் தடுக்கலாம்.

படுத்தபடி சாப்பாடு கொடுக்காதீர்கள். புரை ஏறி நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் ராத்திரி முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். பிடித்துக் கொள்ள ஒரு கம்பு கட்டி வையுங்கள்.

மறதி நோய் உள்ளவரை அதட்டாதீர்கள். கட்டிப் போடாதீர்கள். கேட்டதையே கேட்பது நோயின் குணம், வீம்பு அல்ல.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணத்தோடு நிற்க வேண்டாம். மாதம் 2 நாளாவது நேரில் வந்து பொறுப்பை ஏற்றுக் கொள்ளுங்கள். அந்த 2 நாளும் பார்த்துக் கொள்பவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

யோசனை கேட்கவும், உதவி கேட்கவும் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. கூப்பிடக் கூச்சப்பட வேண்டாம்.

"ஊர் என்ன சொல்லும்?"

பலர் தயங்குவது இதற்குத்தான். "பெத்தவரைக் கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்று ஊர் பேசுமே என்ற பயம்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், விரட்டி விட்டோம் என்றா சொல்கிறார்கள்? காலையில் போகிறான், மாலையில் வருகிறான். பகல் இல்லமும் அப்படித்தான். பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கிடப்பதைவிட, நாலு பேர் நடுவில் சிரித்துக் கொண்டு இருப்பது பெரியவருக்கும் கௌரவம், குடும்பத்துக்கும் கௌரவம்.

அங்கே போகும் பெரியவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாமையும் தினையும் எந்தப் பருவத்தில் விதைப்பது, எந்த மரத்தில் தேன் கட்டும், மலைக்கோவில் திருவிழா அந்தக் காலத்தில் எப்படி நடந்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை அங்கே அழைத்துப் போகலாம். கேட்கக் காது கிடைத்தால், கிழவருக்கும் தெம்பு வரும்.

இந்த மலையின் காப்பிச் செடிகளை நட்டு வளர்த்த கைகள் இன்று நடுங்குகின்றன. அந்தக் கைகளைப் பிடித்துக் கொள்ள வேண்டிய கடமை ஒரு மருமகளுக்கு மட்டும் உரியது அல்ல. அரசுக்கு உண்டு. தோட்ட முதலாளிகளுக்கு உண்டு. பஞ்சாயத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் உண்டு.

அடுத்த காப்பிப் பழம் பறிப்புக்குள் மலையில் ஒரே ஒரு பகல் இல்லமாவது திறக்கட்டும்!