28 நாள் கணக்கில் அகப்படாத பசி

கட்டுப்பாடிழந்து அள்ளித் தின்பது ஒரு நோய்தான், அதை நான் மறுக்கவில்லை. 1959இலேயே அமெரிக்க மருத்துவர் ஆல்பேர்ட் ஸ்ரங்கார்ட் அதைப் பற்றி எழுதிவிட்டார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது கையேட்டில் அதைத் தனி நோயாகச் சேர்த்துக்கொண்டது. என்னுடைய சண்டை நோயோடு அல்ல; அதை அளக்கிறோம் என்று எங்கள் கையில் திணிக்கப்படும் தாளோடுதான்.

அந்தத் தாள்களில் இரண்டு பிரபலமானவை. ஒன்று 1982இல் வந்தது. 16 கேள்விகள், கூடியது 46 புள்ளிகள், 27ஐ எட்டினால் நோய் கடுமை. மற்றது ஃபெயர்பேர்ண், பெக்லின் ஆகியோர் 1994இல் வெளியிட்ட வினாக்கொத்து. அது கடந்த 28 நாட்களைப் பற்றி மட்டுமே கேட்கும். அதிலொரு கேள்வி: உடல் எடையையோ உருவத்தையோ மாற்றுவதற்காக எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ ஒன்றும் சாப்பிடாமல் இருந்தீர்களா?

லா சப்பலில் காலை ஒன்பது மணிக்குக் குசினிக்குள் நுழைந்து பின்னேரம் நாலு மணிவரை பச்சைத் தண்ணியோடு நிற்பவனின் பட்டினிக்கு இந்தக் கேள்வியில் இடமில்லை. அவன் மெலிவதற்காகக் கிடக்கவில்லை, வேலை முடியாததால் கிடக்கிறான். ஆகவே அவன் 'இல்லை' என்றுதான் புள்ளடி போடவேண்டும். இரவு சட்டி கழுவி முடித்தபின் அவன் நின்றபடியே விழுங்கும் மூன்று பிளேட் சோறு மட்டும் கணக்கில் ஏறும்.

என்னோடு கோப்பை கழுவிய தம்பி ஒருவன் 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து மிஞ்சி வந்தவன். இப்போது செவ்ரானில் இருக்கிறான். ஒரு மருத்துவ நிலையத்தில் அவனிடம் பிரெஞ்சில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பாதி விளங்கிப் பாதி விளங்காமல் நிரப்பினான். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து நோயென்றார்கள். உப்பில்லாக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மாதங்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை. 28 நாளுக்குள் அது வராதுதானே!

விஞ்ஞானத்துக்கு இது தெரியாத விசயமுமல்ல. 1945இல் மினசோட்டாவில் அன்செல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதங்கள் அரைப்பட்டினி போட்டார். பட்டினி முடிந்தபின் அவர்களில் சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கைதிகளாயிருந்த கனடிய வீரர்களிடம், கைதாகாத வீரர்களைவிட இந்த அள்ளித் தின்னும் பழக்கம் கூடுதலாயிருந்ததை 1994இல் ஓர் ஆய்வு காட்டியது. பட்டினி போட்டவன் ஒருவன், நோயாளி என்று பெயர் வாங்குபவன் இன்னொருவன்.

தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 1989இல் மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் வட இந்திய மாணவிகளிடம் இப்படியொரு வினாக்கொத்தைக் கொடுத்தார்கள். நிறையப்பேர் 'ஆபத்து' எல்லையைத் தாண்டினார்கள். விரதத்தையும் வீட்டு வழக்கத்தையும் மனதில் வைத்துப் பிள்ளைகள் சில கேள்விகளை வேறுவிதமாக விளங்கிக்கொண்டதே காரணமென்று பிறகு தெரிந்தது. 1998இல் சென்னை ஆய்வாளர்கள் இதற்கெனத் தாங்களே ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார்கள். நல்ல விசயம். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது மருத்துவ மாணவர்களை, அகதிகளை அல்ல.

முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்படுவதைத் தாளில் எழுதிவிடலாம் என்ற வாதம் ஒன்றுண்டு. அது நியாயமானது. ஆனால் ஃபெயர்பேர்ணும் பெக்லினும் தங்கள் தாளை நேர்முக உரையாடலோடு ஒப்பிட்டபோது, அள்ளித் தின்னும் விசயத்தில் தாள்தான் கூடுதலாகக் காட்டியது. தாளைச் செய்தவர்களே சொன்னது இது.

ஆகவே தாளைக் கதவாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். புள்ளி கூட்டியபின் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு அரைமணிநேரம் இருந்து கதையுங்கள். மொழிபெயர்க்க அவனுடைய பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். தகப்பனின் பட்டினியை எட்டு வயதுக் குழந்தை பிரெஞ்சில் சொல்லவேண்டியதில்லை. முதற் கேள்வியாக இதைக் கேளுங்கள்: சாப்பிட ஒன்றுமேயில்லாமல் எப்போதாவது கிடந்தீர்களா, எவ்வளவு காலம், எங்கே?